தராசு முள்ளைப் பார்த்துவிட்டு வா

ரிங்லெட்,
கேமரன் மலை.

அன்புள்ள மகளுக்கு,

உன் லண்டன் பயணப் பட்டியலை உன் அப்பா அனுப்பியிருந்தார். பிக் பென், பக்கிங்காம் அரண்மனை, டவர் பாலம், லண்டன் ஐ ராட்டினம் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒன்றையும் அடிக்கச் சொல்லமாட்டேன். ஏழு நாளில் இரண்டு நாளை மட்டும் எனக்குக் கொடு என்று கேட்கத்தான் எழுதுகிறேன். ஏன் என்று சொல்கிறேன். அந்தக் காலத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் முறை உனக்குத் தெரிந்ததுதான். கூடையைக் கொக்கியில் மாட்டுவார்கள். கணக்கெழுதும் கிராணி முள்ளைப் பார்ப்பார், கூடைக்கு இவ்வளவு, இலையில் உள்ள ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார், மீதியைச் செக்ரோல் என்ற பதிவேட்டில் எழுதுவார். பறித்தவள் அவர் எழுதி முடிக்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகரமாட்டாள். அவளுக்கு எழுத்து தெரியாமல் இருக்கலாம், முள் எந்தக் கோட்டில் நின்றது என்பது தெரியும். மலாயாவிலும் இலங்கையிலும் அசாமிலும் தோட்டத்தில் உழைத்தவர்கள் எல்லாருக்குமான பெரிய தராசு லண்டனில் தொங்கியது. அதன் முள்ளை நம்மவர் கண் பார்த்ததில்லை. அந்த நகரத்துக்குப் போகும் தோட்டத்துப் பிள்ளை அரண்மனை வாசலில் படம் எடுத்துக்கொண்டு மட்டும் திரும்பக்கூடாது. அந்தத் தராசு இருந்த இடத்தையும் பார்த்துவிட்டு வரவேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான்.

முதல் நாளை அதற்குக் கொடு. அந்த இடம் எங்கோ ஒதுக்குப்புறத்தில் இல்லை. கோகினூர் வைரத்தைப் பார்க்க எல்லாரும் லண்டன் டவருக்குப் போகிறார்கள். அங்கிருந்து மேற்கே பத்து நிமிடம் நடந்தால் மின்சிங் லேன் என்ற சிறிய தெரு வரும். உலகத் தேயிலை வாணிபத்தின் முகவரி நெடுங்காலம் அதுதான். கிழக்கிந்தியக் கம்பெனி லண்டனில் தேயிலையை ஏலம் விடத் தொடங்கியது 1679-இல். கம்பெனியின் ஏகபோகம் போனபின், 1834 முதல் ஏலம் மின்சிங் லேனில் நடந்தது. பின்னாளில் இடம் மாறினாலும் லண்டன் ஏலம் நிற்கவில்லை. கடைசி ஏலம் நடந்தது 1998 ஜூன் 29 அன்று. முந்நூறு ஆண்டுக்கும் மேலாக, சீனக் கைகளும் பின்னாளில் நம் கைகளும் பறித்த இலையின் விலையை அதைப் பறித்தறியாதவர்கள் அந்த நகரத்தில் உட்கார்ந்து சொன்னார்கள். அதே தெருவில் பிளாண்டேஷன் ஹவுஸ் என்றொரு பெரிய கட்டடம் இருந்தது. பெயரிலேயே தோட்டம். ரப்பரும் தேயிலையும் அங்கே கை மாறின. இன்று அது இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் கண்ணாடி அலுவலகங்கள் நிற்கின்றன. இன்னும் சற்று வடக்கே லெடன்ஹால் தெருவில், குழாய்களும் படிக்கட்டுகளும் வெளியே தெரியும்படி கட்டிய லாயிட்ஸ் காப்புறுதிக் கட்டடத்தைப் பார்ப்பாய். கம்பெனியின் தலைமை மாளிகை இருந்த மண் அது. சென்னைக் கோட்டையை ஆண்டதும், 1786-இல் பினாங்கில் பிரான்சிஸ் லைட் கொடியேற்றிய பின் அந்தத் தீவை ஆண்டதும் அந்த மாளிகைதான். சென்னைக்கும் பினாங்குக்கும் நடுவே கடலில் நம் முன்னோர் போன பாதையை இணைத்துவைத்த முடிச்சு அங்கே இருந்தது. டவருக்கு வரும் கூட்டத்தில் எத்தனை பேர் அந்தப் பத்து நிமிடம் நடக்கிறார்கள்?

அதெல்லாம் பழங்கதை என்று நீ நினைத்தால், நம் நாட்டுக் கதையொன்றைச் சொல்கிறேன். பிரிட்டிஷ் தோட்ட நிறுவனமான கத்ரியின் பெயர் தெரியாத ரப்பர் பால்மரத் தோட்டக் குடும்பம் மலேசியாவில் உண்டா? 1981 செப்டம்பர் 7 காலையில், லண்டன் பங்குச் சந்தை திறந்த நான்கு மணி நேரத்துக்குள், நம் நாட்டின் அரசு முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் கத்ரியின் பங்குகளை வாங்கிக் கட்டுப்பாட்டைக் கைப்பற்றியது. நாட்டுக்குப் பெருமை தந்த காலை அது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதிலிருந்து இன்னொன்றையும் படித்துக்கொள். பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் இருந்த தோட்டங்களை வாங்க மலேசியர்கள் லண்டனுக்குத்தான் போகவேண்டியிருந்தது. மண் இங்கே, மரம் இங்கே, லயம் இங்கே. உடைமை மட்டும் அங்கே ஒரு காகிதத்தில் இருந்தது. லயத்தில் குடியிருந்த தொழிலாளர்களின் பெயர் அந்தக் காலைக் கணக்கில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

நம் மலையை நன்றாக அறிந்த யாரும் இங்கே என்னை மறிக்கலாம். "கேமரன் மலைத் தேயிலைக்கும் மின்சிங் லேனுக்கும் என்ன உறவு? போ (BOH) தேயிலைத் தோட்டத்தை 1929-இல் தொடங்கிய ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸல் கோலாலம்பூரில் தொழில் செய்தவர். நம் தேயிலையில் பெரும்பங்கு இந்த நாட்டிலேயே குடிக்கப்படுகிறது" என்பார்கள். உண்மைதான், மறுக்கமாட்டேன். நம் மலையின் இலை ஒவ்வொன்றும் கப்பலேறி லண்டன் போனது என்று உனக்குச் சொன்னால் அது பொய்யாகும். ஆனால் இலை போகாவிட்டாலும் முறை அங்கிருந்து வந்தது. ரஸலோடு சேர்ந்து மலையைத் திருத்திய மில்ன் இலங்கையில் தேயிலைத்துரையாக இருந்தவர். துரை, கிராணி, கங்காணி, லயம், பெரட்டு, செக்ரோல் என்ற ஒழுங்கு முழுவதும் லண்டன் ஏலத்துக்காக இலங்கையிலும் இந்தியாவிலும் உருவாகி, மடிப்புக் கலையாமல் இந்த மலையேறியது. அந்த நாளில் விலை சரிந்தபோது, இந்தியாவும் இலங்கையும் டச்சுக் கிழக்கிந்தியாவும் எவ்வளவு தேயிலை ஏற்றுமதி செய்யலாம் என்று 1933-இல் ஓர் உடன்படிக்கை வரம்பு கட்டியது. அதைக் கவனிக்கும் குழு உட்கார்ந்ததும் லண்டனில்தான். நாம் அந்தத் தட்டில் நேராக வைக்கப்பட்டோமா இல்லையா என்பதைவிட, நம்மை நிறுத்த படிக்கல் எங்கே வார்க்கப்பட்டது என்பதே என் கேள்வி.

பால்மரத்தின் கணக்கு இன்னும் நேரானது. மேற்கு லண்டனில் உள்ள கியூ தாவரத் தோட்டத்தைப் பூக்களுக்காகவும் பனைமர வகைகள் வளரும் கண்ணாடி மாளிகைக்காகவும் பார்க்கச் சொல்வார்கள். நீயும் பார், அழகான இடம். பார்க்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள். 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகள் அங்கேதான் விதைக்கப்பட்டன. முளைத்தவற்றில் பெரும்பாலானவை இலங்கைக்குப் போயின. மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்த சில கன்றுகளில் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டார்கள். அவற்றில் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து லட்சக்கணக்கானவர்களைக் கப்பலேற்றி இந்த நாட்டுக்கு இழுத்தவை அந்த முளைகள்தாம். நம் குடும்பங்கள் இந்த நாட்டில் எப்படி வேர்விட்டன என்று கேட்பவருக்கு, ஒரு பதில் தேம்ஸ் கரையிலுள்ள அந்தக் கண்ணாடிக் கூரைக்குக் கீழ் கிடக்கிறது.

இனி உன் தோழிகள் சொல்லக்கூடியது: "முதன்முதலாக வெளிநாடு போகிற பெண். சந்தோஷமாகச் சுற்றிவிட்டு வரட்டும். ஏன் இந்தப் பாரத்தையெல்லாம் தலையில் ஏற்றுகிறீர்கள்?" இதை நான் அலட்சியம் செய்யவில்லை. மகிழ்ச்சி வேண்டும், நிறைய வேண்டும். ஆனால் தெரிந்து பார்ப்பது மகிழ்ச்சியைக் குறைக்கும் என்பதை நான் ஏற்கவில்லை. கிரீனிச்சில் கட்டி சார்க் என்ற பாய்மரக் கப்பல் இருக்கிறது. சீனத் தேயிலையை விரைவாகக் கொண்டுவரக் கட்டி 1869 நவம்பரில் தண்ணீரில் இறக்கினார்கள். அதே மாதத்தில் சூயஸ் கால்வாய் திறந்துவிட்டது. கால்வாய் வழியே நீராவிக் கப்பல்கள் குறுக்கே வந்துவிட, பாய்மரக் கப்பலுக்குத் தேயிலைப் பாரம் கிடைப்பது அரிதாகி, சில ஆண்டுகளில் அது வேறு சரக்கு ஏற்றப் போயிற்று. இப்போது அதைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அதன் அடிவயிற்றுக்குக் கீழே நீ நடக்கலாம். பொன்னிறத் தகடு போர்த்திய அந்த மெல்லிய வளைவு தலைக்கு மேலே கத்திமுனைபோலக் குவிந்து போவதை நின்று பார். தண்ணீரில் இறங்கிய மாதத்திலேயே பழசாகத் தொடங்கிய கப்பல் என்று தெரிந்தவளுக்கு அந்த அழகு இன்னும் ஆழமாகத் தைக்கும். ஸ்ட்ராண்ட் சாலை 216-ஆம் எண்ணில் ட்வைனிங்ஸ் தேயிலைக் கடை இருக்கிறது. 1706-இல் தொடங்கிய தொழில். இரண்டு தூண்களுக்கு இடையே ஒடுங்கிய வாசல், மேலே பொன்னிறச் சிங்கம், அதன் இருபுறமும் சாய்ந்தபடி வண்ணம் தீட்டிய சீன உருவங்கள் இரண்டு. தேயிலை யாருடைய பொருளாக அன்று அறியப்பட்டிருந்தது என்பதை அந்த வாசலே சொல்கிறது. உள்ளே சுவைத்துப் பார்க்கத் தேநீர் தருவார்கள். குடித்துவிட்டு, நம் மலைத் தேயிலையோடு ஒப்பிட்டு எனக்கு எழுது.

பயணம் போகிற நம்மவரிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒரு சாரார் "வெள்ளைக்காரன் எப்படிக் கட்டி வைத்திருக்கிறான் பார்" என்று வாய் பிளந்து நிற்பார்கள். இன்னொரு சாரார் "எல்லாம் நம்மிடம் கொள்ளையடித்தது" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு அடுத்த பேருந்தில் ஏறிவிடுவார்கள். இரண்டாவது கூட்டத்தின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பிரிட்டிஷ் மியூசியத்தில் அமராவதி ஸ்தூபியின் சிற்பங்களைப் பார்க்கும்போது, அவை சென்னையிலிருந்து கப்பலேறியவை என்பது உன் நெஞ்சையும் உறுத்தும், உறுத்தவேண்டும். ஆனால் கோபத்தோடு நின்றுவிட்டால் கணக்குப் பார்க்கும் வேலை நடக்காது. எது, எப்போது, யாருடைய கையெழுத்தில், என்ன விலைக்குப் போயிற்று என்று கேட்பவரிடம்தான் எதிராளி பதில் சொல்லத் திணறுவார். இன்றைய லண்டன்வாசிகள் அதற்கெல்லாம் எப்படிப் பொறுப்பாவார்கள் என்று கேட்கலாம். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு யாரும் உன் பின்னால் வரவேண்டியதில்லை. அவர்களில் சிலர் தாங்களே கணக்கைத் திறந்து வைத்திருக்கிறார்கள். டாக்லண்ட்ஸ் அருங்காட்சியகம் பழைய சர்க்கரைக் கிடங்கில் இருக்கிறது. அந்தச் சர்க்கரை ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் வந்தது என்பதைச் சொல்லும் ஒரு கூடத்தை 2007 முதல் அங்கேயே வைத்திருக்கிறார்கள். அதன் வாசலில் நின்ற, அடிமைகளை வைத்திருந்த வணிகர் ராபர்ட் மில்லிகனின் சிலையை 2020-இல் அகற்றினார்கள். சர்க்கரைக்குச் சொன்னதைத் தேயிலைக்கும் ரப்பருக்கும் சொல்ல வைக்கவேண்டியவர்கள் யார்? தோட்டத்திலிருந்து வந்து, ஆதாரத்தோடு கேட்கிற பிள்ளைகள்தாம்.

அதனால்தான் இரண்டாவது நாளைப் பிரிட்டிஷ் நூலகத்துக்குக் கொடுக்கச் சொல்கிறேன். செயின்ட் பேங்கிராஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் செங்கல் கட்டடம், படம் எடுக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளே கிழக்கிந்தியக் கம்பெனி, இந்தியா ஆபீஸ் ஆகியவற்றின் ஆவணங்கள் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீள அடுக்குகளில் இருக்கின்றன. இந்திய அரசு மலாயாவில் வைத்திருந்த ஏஜெண்டின் ஆண்டறிக்கைகளும் அங்கே உண்டு. 1930-களில் கூலியை வெட்டியது, 1937-இல் இந்திய அரசு அனுப்பிய சீனிவாச சாஸ்திரியின் அறிக்கை ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று பழைய கூலியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது, மறு ஆண்டே தோட்டமுதலாளிகள் மீண்டும் கூலியைக் குறைக்க முனைந்தபோது, மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதை இந்திய அரசு 1938 ஜூனில் நிறுத்தியது, எல்லாமே அந்தக் காகிதங்களின் காலம். நம் பாட்டிமாருக்கு ஆணைவிடப் பத்துக் காசு குறைவாக ஏன் என்ற கேள்வி உனக்கு அங்கே எழும். எழட்டும். நூலகத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், ரஸல் சதுக்கத்துக்கு அருகே சோவாஸ் கல்லூரி வளாகத்தில் 1996 முதல் திருவள்ளுவர் சிலை இருக்கிறது. களைத்துப்போனால் அங்கே போய்ச் சற்று உட்கார்.

கடைசியாக ஒன்று, இது நமக்கே கசப்பானது. இன்று இந்த மலைச் சரிவில் கத்தரியும் இயந்திரமும் வைத்துக் கொழுந்து வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். நம் பிள்ளைகள் படித்துக் கீழே இறங்கிவிட்டார்கள், நல்லதுதான். ஆனால் நம் தாத்தா நின்ற இடத்தில் இப்போது வேறொருவர் நிற்கிறார். அவருடைய கூடையைக் கழிக்கும்போது முள்ளைப் பார்ப்பது யார்? லண்டனில் பழைய கணக்கைத் தேடுகிறவள் ஊர் திரும்பியதும் தானா ராத்தா கடைத்தெருவில் அந்த மனிதரைப் பார்க்காமல் கடந்துபோனால், நான் இவ்வளவு எழுதியதில் பயன் இல்லை.

நூலகத்தில் வாசகர் அட்டைக்கு அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள், புறப்படும் முன்பே விவரம் பார்த்துக்கொள். நம் தோட்டப்பெயர் எந்த ஏட்டில் வந்தாலும் ஆண்டையும் பக்க எண்ணையும் குறித்துவா, இங்கே தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும். மின்சிங் லேன் பக்கம் சனி ஞாயிறில் வெறிச்சோடிக் கிடக்கும், நூலக வாசிப்பறையும் ஞாயிறு திறக்காது. ஆகவே அந்த இரண்டு நாளும் வார நாளாக இருக்கட்டும்.

அன்புடன்,
பெரியப்பா