கண்ணை மூடிச் சொல்லு, பார்க்கலாம்!



நம் வாலிகண்டபுரத்தில் கடல் இல்லை. ஆனாலும் கப்பல் ஓட்டுபவர்களின் பாடம் ஒன்று நமக்கும் வேண்டும்.

2017 ஜனவரி 28 அதிகாலை. எண்ணூர் காமராஜர் துறைமுகம் அருகே ‘பி.டபிள்யூ. மேப்பிள்’, ‘டான் காஞ்சிபுரம்’ என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கொட்டிய எண்ணெய் கரையெல்லாம் தார் மாதிரி ஒட்டியது. மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளினார்கள்.

ரேடார் இருந்தும் கப்பல்கள் ஏன் மோதுகின்றன? பல காரணங்கள் உண்டு. ஒன்று, கருவி காட்டுவதை மனிதர் சரியாகப் புரிந்துகொள்ளாதது. அந்தப் புரிதலுக்குப் பெயர் ‘சூழ்நிலை விழிப்புணர்வு’. மைக்கா எண்ட்ஸ்லி என்ற அமெரிக்கப் பெண் பொறியாளர் அதை மூன்று படிகளாகப் பிரித்தார்.

1. பார்ப்பது: அதோ ஒரு விளக்கு!
2. புரிந்துகொள்வது: அது நம் பக்கம் வரும் கப்பல்.
3. முன்பே அறிவது: இப்படியே போனால் மோதும்.

இதை எப்படி அளப்பது?

“கவனமா இருக்கியா?” என்று கேட்டால் எல்லாரும் “ஆமா” என்றுதான் சொல்வோம். அதனால் எண்ட்ஸ்லி 1988-இல் ஒரு வழி சொன்னார். முதலில் போர் விமானிகளுக்கு, பிறகு கப்பல் ஓட்டுபவர்களுக்கும் அது பயன்பட்டது. சிமுலேட்டர் என்னும் மாதிரிக் கப்பல் அறையில் ஓட்டிக்கொண்டு இருக்கும்போதே திடீரென்று திரையை அணைத்துவிடுவார்கள். “சுற்றி எத்தனை கப்பல்? எது எந்தப் பக்கம் போகிறது? அடுத்து எது உங்கள் கிட்டே வரும்?” என்று கேட்பார்கள். பதிலைக் கம்ப்யூட்டரில் உள்ள உண்மையோடு ஒப்பிட்டு மார்க் போடுவார்கள்.

நாங்கள் செய்த சோதனை

நானும் என் தோழியும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை விட்டுத் தள்ளி நின்றோம். “கண்ணை மூடுடி” என்றாள்.

“லாரி என்ன கலர்?” சரியாகச் சொன்னேன்.
“மொத்தம் எத்தனை வண்டி?” அதுவும் சரி.
“எது முதலில் நம்மைத் தாண்டும்?” லாரி என்றேன். சொல்லி முடிப்பதற்குள் பின்னால் வந்த கார் விர்ரென்று போய்விட்டது!

போன மாதம் ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் ரோட்டைக் கடந்தேன். அப்படியும் ஒரு பைக் மயிரிழையில் தப்பிப் போனது. “பாத்துட்டுத்தானே போனேன்” என்று அம்மாவிடம் அழுதேன். இப்போதுதான் புரிகிறது: நான் முதல் படியிலேயே நின்றுவிட்டேன்.

1972-ஆம் ஆண்டு சர்வதேசக் கடல் விதி சொல்கிறது: மோதுமோ என்று சந்தேகம் வந்தாலே, ஆபத்து இருப்பதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நமக்கும் அதேதான். சந்தேகமா? நில்!

பார்ப்போம், புரிந்துகொள்வோம், முன்பே அறிவோம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி