வாப்பாவின் ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருந்தது?

கேள்வி: டொக்டர், எங்கள் வாப்பா 2021 ஆகஸ்ட் மாதம் கொரோனாவில் மௌத்தானார். வயது 63, சீனி வருத்தம் இருந்தது. காய்ச்சல் தொடங்கி ஐந்தாம் நாள் தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுத்தோம். சி.ஆர்.பி. 96, டி-டைமர் 1850, பெரிட்டின் 1100. விரலில் மாட்டும் கருவியில் ஒட்சிசன் 94. நன்றாகக் கதைத்துக்கொண்டுதான் இருந்தார். ஆஸ்பத்திரியில் ஏதும் நடந்தால் ஊர் மையவாடியில் அடக்க விடமாட்டார்கள் என்று காக்கா தயங்கினார், வாப்பாவும் போக மாட்டேன் என்றார். எட்டாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகே கொண்டுபோனோம். அட்மிட் பண்ணும்போது ஒட்சிசன் 86, மூச்சு நிமிடத்துக்கு 32, சி.ஆர்.பி. 180, யூரியா சரியாக இருந்தது. ஒரு கிழமைக்குள் முடிந்துவிட்டது. மஜ்மா நகரில் அடக்கினோம். அதே நாட்களில் மாமாவுக்கு டி-டைமர் 2400. அவர் இன்றைக்கும் கடை திறக்கிறார். ஐந்தாம் நாள் ரிப்போர்ட்டைப் பார்த்தே வாப்பா பிழைக்கமாட்டார் என்று தெரிந்திருக்குமா? கொழும்புக்குக் கொண்டுபோய் சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா? இப்போது வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் காக்கா டி-டைமர் வரை எல்லாம் எடுக்கச் சொல்கிறார். தேவைதானா?

– வாசகி, கல்முனைக்குடி

பதில்: சகோதரி, முதல் கேள்விக்கு முதலில் பதில். தெரிந்திருக்காது. அந்தத் தாளைப் பார்த்து எந்த டொக்டரும் அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

இரத்தம் உறைவதைக் காட்டும் டி-டைமர் என்ற பெயர் உலகத்துக்கெல்லாம் பழக்கமானது 2020 மார்ச்சில் லான்செட் சஞ்சிகையில் வந்த ஒரு வூஹான் ஆய்வுக்குப் பிறகுதான். இரண்டு ஆஸ்பத்திரிகளில் கிடந்த 191 பேர், அவர்களில் 54 பேர் இறந்தார்கள். டி-டைமர் மில்லிலீற்றருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஆபத்து மிக அதிகம் என்று அதில் எழுதியிருந்தது. அந்த ஒரு வரியைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அட்டவணையைப் பாருங்கள்: டி-டைமர் 1-ஐத் தாண்டியவர்கள் 72 பேர். அவர்களில் 44 பேர் இறந்தார்கள், 28 பேர் வீடு போய்ச் சேர்ந்தார்கள். அதுவும் நோய் புதிதாக வந்த நேரம், எந்த மருந்து வேலை செய்யும் என்றே தெரியாத காலம், ஆஸ்பத்திரியில் கிடக்கும் அளவுக்கு வருத்தம் முற்றியவர்கள். அந்த 28 பேரைப் போன்ற ஒருவர்தான் உங்கள் மாமா. இரத்தப் பரிசோதனை ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசும், கூட்டத்துக்குள் நிற்கும் ஒரு ஆளைப் பற்றி அதற்குத் தெரியாது.

மாமாவின் 2400-ஐயும் வாப்பாவின் 1850-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதும் சரிவராது. டி-டைமரை இரண்டு விதமான அலகில் எழுதுகிறார்கள், ஒன்றில் வரும் எண் மற்றதில் ஏறக்குறைய இரட்டிப்பாக வரும். வேறு வேறு ஆய்வுகூடம் என்றால் எந்த அலகு என்று பார்க்காமல் ஒப்பிட முடியாது. வயது போனாலே அது கூடும். கர்ப்பத்தில் கூடும், சத்திரசிகிச்சைக்குப் பிறகு கூடும், எந்தக் கிருமி வந்தாலும் கூடும். பெரிட்டின் சீனி வருத்தத்திலும் ஈரல் கொழுப்பிலும் கூடத்தான் செய்யும்.

இனி, வாப்பாவின் எண்களை நானே ஒரு கணக்கில் போட்டுப் பார்த்தேன். பிரித்தானியாவில் 260 ஆஸ்பத்திரிகளின் நோயாளர்களை வைத்து உருவாக்கி, 2020 செப்டம்பரில் வெளியிட்ட புள்ளிமுறை ஒன்று உண்டு, '4சி' என்பார்கள். அதில் எட்டு விஷயம் பார்க்கிறார்கள்: வயது, ஆணா பெண்ணா, வேறு நீண்டகால வருத்தங்கள், மூச்சின் வேகம், ஒட்சிசன், நினைவுத் தெளிவு, யூரியா, சி.ஆர்.பி. கவனியுங்கள், எட்டில் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டியது இரண்டே இரண்டு. டி-டைமர் அதில் இல்லை, ஸ்கேனும் இல்லை.

63 வயதுக்கு 4 புள்ளி, ஆண் என்பதற்கு 1, சீனிக்கு 1. ஊசி குத்த முன்பே வாப்பாவுக்கு 6. ஐந்தாம் நாள் சி.ஆர்.பி. 96-க்கு இன்னும் 1 சேர்ந்து 7. அந்த அளவில், 4 முதல் 8 புள்ளி வரை, அட்மிட் ஆனவர்களில் பத்தில் ஒருவர் அளவில்தான் இறந்தார்கள். எட்டாம் நாள் மூச்சு 32-க்கு 2, ஒட்சிசன் 86-க்கு 2, சி.ஆர்.பி. 180-க்கு 2. மொத்தம் 12. 9 முதல் 14 புள்ளி வரை இருந்தவர்களில் ஏறக்குறைய 31 சதவீதம் இறந்தார்கள். இந்தப் புள்ளிமுறை ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்காகச் செய்தது, அந்நாட்டு முதல் அலைக்குரியது. ஆகவே நம் ஊருக்கு இதை ஒரு மட்டத்துக்கு மேல் நம்பக் கூடாது. ஆனாலும் எது மாறியது என்று பாருங்கள். 7 என்பதை 12 ஆக்கிய ஐந்து புள்ளியில் நான்கு மூச்சிலும் ஒட்சிசனிலும் வந்தவை. ஆய்வுகூடம் கொடுத்தது ஒன்று. 12-இலும் மூன்றில் இரண்டு பேர் பிழைத்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஸ்கேன் விஷயம். சி.டி.யில் நுரையீரலின் ஐந்து மடல்களுக்கும் தலா 5 வீதம் 25-க்குப் புள்ளி போடுவார்கள். ஆரம்ப நாட்களில் எடுத்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். பத்தாம் நாளை ஒட்டி எடுத்தால் பயங்கரமாகத் தெரியும், ஆள் குணமாகிக்கொண்டும் இருப்பார். 2021 மே மாதம், இந்தியாவில் இரண்டாம் அலை உச்சத்தில், டில்லி எய்ம்ஸ் பணிப்பாளராக இருந்த ரந்தீப் குலேரியா இலேசான நோய்க்கு சி.டி. எடுக்காதீர்கள் என்று பகிரங்கமாகச் சொன்னார். ஒரு ஸ்கேன் 300, 400 எக்ஸ்ரேக்குச் சமம் என்று அவர் சொன்ன கணக்கைக் கதிரியல் நிபுணர்கள் மறுத்தார்கள். இன்றைய கருவிகளில் அவ்வளவு கதிர் இல்லை. கணக்கில் அவர்கள் பக்கம் நியாயம், ஆலோசனையில் அவர் பக்கம். இரத்தக்கட்டி நுரையீரலில் அடைத்திருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன் வேறு, அது தேவைப்படும் நேரம் உண்டு. ஆனால் ஒட்சிசன் 86-இல் இருக்கும் ஒருவரைக் கல்முனையிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் வேனில் ஏற்றிக் கொண்டுபோய் ஒரு படம் எடுப்பதா? படம் என்ன காட்டினாலும் கொடுக்கப்போவது ஒட்சிசன், டெக்ஸாமெத்தசோன், இரத்தம் உறையாமல் ஊசி, குப்புறப் படுக்கவைப்பது. அதையெல்லாம் பக்கத்து ஆஸ்பத்திரியிலும் செய்யலாம்.

டெக்ஸாமெத்தசோன் என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். 2020 ஜூனில் பிரித்தானிய 'ரிக்கவரி' ஆய்வு அந்த ஸ்டீரொயிட் மருந்து உயிர் காக்கும் என்று காட்டியது: வென்டிலேட்டரில் இருந்தவர்களில் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஒட்சிசன் பெற்றவர்களில் ஐந்தில் ஒரு பங்கு. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கு எந்த நன்மையும் இல்லை. ஆனால் சி.ஆர்.பி. கூடிவிட்டது என்று பயந்து வீட்டிலேயே ஸ்டீரொயிட் குளிசை தொடங்கியவர்கள் எத்தனை பேர்! சீனி வருத்தக்காரருக்கு அதனால் சீனி ஏறும், இந்தியாவில் கறுப்புப் பூஞ்சை நோய் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். தேவையில்லாத ரிப்போர்ட் பணத்தை மட்டும் தின்பதில்லை.

இரத்தப் பரிசோதனை வீண் என்று சொல்ல வரவில்லை. வார்ட்டுக்குள் அதற்கு வேலை உண்டு. அதே ரிக்கவரி ஆய்வில், ஒட்சிசன் 92-க்குக் கீழ், கூடவே சி.ஆர்.பி. 75 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்கு டொசிலிசுமாப் என்ற ஊசி பலன் தந்தது. எண் ஒன்று, அதைப் பார்த்துச் செய்யும் காரியம் ஒன்று. அப்படிக் காரியம் இல்லாத எண் வீட்டில் பயத்தை மட்டும்தான் தரும்.

இந்தக் கரையில் யார் பிழைப்பார் என்பதை மற்ற எல்லாவற்றையும் விடக் கூடுதலாகத் தீர்மானித்தது, என் அபிப்பிராயத்தில், எத்தனையாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார் என்பதுதான். அது 4சி புள்ளிமுறையில் இல்லை. ஏன் பிந்தினோம் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். 2020 ஏப்ரல் வர்த்தமானி கொரோனாவில் இறந்தவர்களின் உடலை எரிப்பதைக் கட்டாயமாக்கியது, 2021 பெப்ரவரி கடைசி வரை அதுவே சட்டம். மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கத் தொடங்கிய பிறகும், ஜனாஸா சொந்த ஊருக்குத் திரும்பாது என்ற பயம் வீடுகளில் இருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை அந்தக் கட்டாய எரிப்புக்கு மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது, அதற்குள் வருடங்கள் ஓடிவிட்டன. உங்கள் காக்கா டி-டைமர் தெரியாததால் தயங்கவில்லை, வாப்பாவின் மையித்தை நினைத்துத் தயங்கினார். அவர் இன்றைக்குக் கண்ட பரிசோதனையெல்லாம் எடுக்கச் சொல்வதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். இந்தப் பதிலை அவரிடமும் வாசித்துக் காட்டுங்கள்.

இப்போது வீட்டில் காய்ச்சல் வந்தால் டி-டைமர், பெரிட்டின் வேண்டாம். நம் பக்கத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது டெங்கு. மூன்றாம் நாளுக்குள் இரத்தக் கலங்களின் முழு எண்ணிக்கை பாருங்கள், பரசிட்டமோல் தவிர வேறு காய்ச்சல் குளிசை கொடுக்காதீர்கள். சம்மாந்துறைப் பக்கம் வயலுக்கு இறங்கியவர் என்றால் எலிக்காய்ச்சலைப் பற்றியும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

இருமலும் காய்ச்சலுமாக ஒரு வயதாளி கிடந்தால் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 24-ஐத் தாண்டினால் வாகனம் தேடுங்கள். விரல் கருவியில் 94 காட்டினால் அதோடு நிம்மதியடைய வேண்டாம், அறைக்குள் ஒரு நிமிடம் நடக்கச் சொல்லி மறுபடி பாருங்கள். மூன்று குறைந்தால் அன்றே ஆஸ்பத்திரி. மூச்சுத் திணறல் தெரியாமலே ஒட்சிசன் இறங்குவது கொரோனாவின் குணம். நன்றாகக் கதைத்தார் என்று நீங்கள் எழுதியதும் அதுதான். கறுத்த தோலில் அந்தக் கருவி உள்ளதை விடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வொன்று சொன்னது. பெண்கள் கறுப்பு மருதோன்றி போட்டிருந்தால் போடாத விரலில் பாருங்கள்.

காக்கா பரிசோதனைக்குக் காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால், அவருக்கும் உங்களுக்கும் மூன்று மாதச் சராசரிச் சீனியைப் பார்க்கச் சொல்லுங்கள். வாப்பாவுக்கு இருந்தது பிள்ளைகளுக்கும் வரக்கூடும்.