மிளகில் உறங்கும் பாக்டீரியாவும் அதன் சர்க்கரைப் போர்வையும்

கொச்சி மட்டாஞ்சேரியில், 1568-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தை ஒட்டிய ஜூ டவுன், தலைமுறை தலைமுறையாக மிளகு, சுக்கு, ஏலக்காய் வாணிபத்தால் பெயர் பெற்ற இடமாகும். இத்தகைய சந்தைகளுக்கு வரும் மிளகில் தோட்டத்து மண்ணும் தூசியும் படிந்திருத்தல் கூடும். அவற்றின் வழியே மிளகை அடையும் நுண்ணுயிர்களுள் ஒன்று பாசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா. உணவில் இது பெருகினால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும்.

சூழ்நிலை ஒவ்வாதபோது இது ஸ்போர் என்னும் உறக்கநிலை வித்தாக மாறுகிறது. ஸ்போர் வறட்சியைத் தாங்கும். கொதிநீரிலும் பிழைத்திருக்க வல்லது. இத்தாங்குதிறன் அதன் உள்ளமைப்பைச் சார்ந்தது. பிற பொருள்களின்மீது ஒட்டும் திறனோ வெளியுறையைச் சார்ந்தது. அவ்வுறையின்மேல் மயிரிழைகள் போன்ற நுண்ணிய இழைகள் உள்ளன. அவை பிசிஎல்ஏ எனப்படும் புரதத்தால் ஆனவை. அப்புரதத்தின்மேல் சர்க்கரைகள் பிணைந்துள்ளன.

இங்குச் சர்க்கரை என்பது நாம் உண்ணும் சீனி அன்று. ராம்னோஸ் முதலிய வேறு வகைகளாகும். இவை தாமாக ஒட்டிக்கொள்வதில்லை. செல் முதலில் சர்க்கரையை நியூக்ளியோடைடு என்னும் பொருளோடு சேர்த்து வினைக்கு ஆயத்தமாக்குகிறது. புரதம் அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியாகும். அதில் இடையிடையே வரும் திரியோனின் என்னும் அமினோ அமிலத்தின் ஆக்ஸிஜன் அணுவோடு முதற் சர்க்கரையை ஓர் என்ஸைம் இணைக்கிறது. பிற என்ஸைம்கள் அதன்மேல் ஒவ்வொன்றாகக் கோக்கின்றன. இவ்வேலை பாக்டீரியாக்களுக்கு இல்லையென்றே ஒருகாலத்தில் கருதப்பட்டது.

கால்நடைகளை வாட்டும் அடைப்பான் நோயின் பாக்டீரியா இதற்கு நெருங்கிய உறவுடையது. அதன் ஸ்போரிலுள்ள பிசிஎல்ஏ புரதத்தில், சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் அந்த்ரோஸ் என்னும் அரிய சர்க்கரை இருப்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2004-இல் கண்டனர். பாசில்லஸ் சீரியஸின் பிசிஎல்ஏ புரதம் சர்க்கரை ஏற்றது என்பதையும், ஸ்போரின் மேற்பரப்புப் பண்புகளில் அப்புரதத்திற்குப் பங்குண்டு என்பதையும் 2011-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு காட்டிற்று. பாத்திரங்களிலும் எந்திரங்களிலும் ஸ்போர் பற்றிக்கொள்வதை இத்தகைய ஆய்வுகளால் அறியலாம்.

இவற்றிலிருந்து களப்பணியாளர் கொள்ள வேண்டிய பாடம் யாது? மிளகைக் கொதிநீரில் சிறிது நேரம் முக்கியெடுத்தல் அழுக்கையும் பல கிருமிகளையும் குறைக்கும். ஆயினும் ஸ்போர்களை முற்றும் ஒழிக்காது. ஆகவே மண்தரையில் பரப்பாமல், தூய பாயிலோ சிமெண்டுக் களத்திலோ நன்கு உலர்த்துதல் வேண்டும். உலர்ந்த மிளகில் ஸ்போர் முளைப்பதில்லை. ஈரம் பெற்ற உணவிலேயே முளைத்துப் பெருகும்.

ஆசிரியர் மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டியது மற்றொன்று. சமைத்த சோற்றை நெடுநேரம் அறை வெப்பத்தில் வைத்தால், பிழைத்த ஸ்போர்கள் முளைத்து நஞ்சை உண்டாக்கக் கூடும். வாந்தியை விளைக்கும் அந்நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. சோற்றைச் சூடு ஆறுமுன் உண்ணுதல், அன்றேல் விரைவில் குளிர்வித்துக் குளிர்பெட்டியில் வைத்தல், இவையே தக்க காப்பாகும்.