சிவப்புத் தரைக்கு எந்தச் சுவர்?

கேள்வி: தாத்தா காலத்து வீட்டைப் புதுப்பிக்கிறோம். ரேழி, ஹால், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம் எல்லாமே சிவப்புச் சிமென்ட் தரை. தூணும் நிலையும் தேக்கு. தரையைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போடலாம் என்றார்கள், நான் சம்மதிக்கவில்லை. இப்போது சுவரில் வந்து நிற்கிறோம். இளம் சாம்பல் நிறம்தான் வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள். பெயின்டரோ, "ஐவரி அடிச்சா போதும்மா" என்கிறார். மாடியில் மகளின் அறையில் மட்டும் வெள்ளை டைல்ஸ் இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்கட்டும்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தரையைக் காப்பாற்றினீர்களே, அதற்கு முதலில் நன்றி. ரெட் ஆக்சைடைப் பதமாகக் கலந்து, கரணையால் இழைத்து, முகம் தெரிகிற அளவுக்கு மெருகேற்றத் தெரிந்த கொத்தனார்கள் இன்று அபூர்வம். பெயர்த்திருந்தால் அந்த வழவழப்பு திரும்பக் கிடைத்திருக்காது.

கீழ்த்தளத்துக்கு நான் பெயின்டர் பக்கம். வீட்டில் எது மாறப்போவதில்லையோ அதிலிருந்துதான் நிறத்தைத் தொடங்க வேண்டும். தரை மாறாது, மரம் மாறாது, வெயில் வரும் திசையும் மாறாது. இவற்றுக்கு அடங்கித்தான் சுவர். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எங்கோ ஒரு வீட்டின் படத்தில் பிடித்த நிறத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு தரையோடும் கதவோடும் மல்லுக்கு நிற்கிறார்கள்.

சாம்பல் ஏன் வேண்டாம் என்கிறேன்? சிவப்புக்குப் பக்கத்தில் வைத்த சாம்பல், கண்ணுக்குச் சாம்பலாகத் தெரியாது. லேசாகப் பச்சை ஓடி, பாசி படிந்த சுவர் மாதிரி இருக்கும். ஒவ்வொரு நிறமும் தன் எதிர்நிறத்தைப் பக்கத்தில் இருப்பதன்மேல் ஏற்றிக் காட்டும். பாரிஸின் கோப்லான் நெசவாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் மிஷெல் ஷெவ்ரலிடம், கறுப்புச் சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. ஆராய்ந்து பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் அதைக் கெடுத்துக் காட்டின. அதை விளக்கி 1839-ல் ஒரு பெரிய புத்தகமே வெளியிட்டார். உங்கள் ரேழியிலும் அதே கதைதான் நடக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. முற்றத்து வெயில் தரையில் பட்டு எழும்பும்போது கொஞ்சம் செம்மையை எடுத்துக்கொண்டு எழும்புகிறது. சுவரின் கீழ்ப்பாதி அதை வாங்கிக்கொள்ளும். நீலச் சாயல் உள்ள 'பளிச்' வெள்ளையில் அது அசட்டு ரோஸாகத் தெரியும். மஞ்சள் சாயல் உள்ள வெள்ளையில், அதாவது ஐவரி, சந்தன வெள்ளை போன்றவற்றில், இதமான வெதுவெதுப்பாகத் தெரியும். அந்தக் காலத்தில் இந்தத் தரைக்கு மேலே சுண்ணாம்புச் சுவர்தான் இருந்தது, அது பளபளக்காது. ஆகவே மினுக்கு இல்லாத மேட் எமல்ஷன் எடுங்கள். பளபளப்பு தரைக்கும் தூணுக்கும் மட்டும் இருக்கட்டும், அதுதான் அவற்றுக்கு மரியாதை. தேக்கின்மேல் தயவுசெய்து எனாமல் ஏற்றாதீர்கள். பழைய பூச்சை உப்புத்தாள் போட்டு எடுத்துவிட்டு எண்ணெயோ வார்னிஷோ கொடுத்தால் போதும்.

ஐவரியிலேயே பத்துப் பதினைந்து வகை இருக்கும். ஷேடு கார்டின் சின்னக் கட்டத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான்கு சுவரிலும் ஏறும்போது ஒரு சுவரின் நிறம் இன்னொன்றில் பட்டு, கார்டில் பார்த்ததைவிட அடர்த்தியாகத்தான் தெரியும். பிடித்ததில் இரண்டு மூன்றைச் சின்ன டப்பாவில் வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி கெட்டி அட்டையில் இரண்டு கோட் அடியுங்கள். சுவரிலேயே நேராக அடித்துப் பார்த்தால் பழைய நிறம் பக்கத்தில் இருந்து கண்ணை ஏமாற்றும், அதனால்தான் அட்டை. காய்ந்ததும் அட்டையைத் தரையைத் தொடுகிற மாதிரி நிறுத்திவையுங்கள். காலை எட்டு மணி, மதியம், விளக்கு வைத்த பிறகு என மூன்று வேளை பாருங்கள். ரேழியின் இருட்டு மூலைக்கும் கொண்டுபோய்ப் பாருங்கள். எல்ஆர்வி என்ற எண்ணையும் கடையில் கேளுங்கள். விழும் வெளிச்சத்தில் எவ்வளவை அந்த நிறம் திருப்பித் தரும் என்பதன் அளவு அது, கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. ரேழிக்கு 70-க்குக் குறையாமல் இருப்பது நல்லது.

மகளின் ஆசை ஒன்றும் தப்பில்லை, இடம்தான் வேறு. வெள்ளை டைல்ஸ் போட்ட மாடி அறையில் இளம் சாம்பல் அழகாக உட்காரும்.

கேள்வி: அபார்ட்மென்டின் கடைசி மாடியில், மேற்கு பார்த்த பெட்ரூம். இரவு பத்து மணிக்கும் சுவர் சுடுகிறது. வெளிர் நீலம் அடித்தால் குளிர்ச்சியாக இருக்குமா?
– வாசகர், சென்னை

பதில்: கண்ணுக்கு இருக்கும், உடம்புக்கு இருக்காது. உள்சுவரின் நிறத்தால் அறையின் சூடு குறையாது. மாலை முழுக்க வெயிலைக் குடித்த வெளிச்சுவர் அதை இரவில் உள்ளே விடுகிறது. மேலே மொட்டை மாடித் தளமும் அதையேதான் செய்கிறது. ஆகவே பெயின்ட் செலவை வெளியே திருப்புங்கள். அசோசியேஷனில் பேசி, தளத்துக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சும் மேற்குச் சுவருக்கு வெளிர் நிறமும் அடிக்க முடிந்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஜன்னலுக்கு உள்ளே கனமான திரை போட்டால், வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் தடுக்கிறீர்கள். வெளியே மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள். மே, ஜூன் மாதங்களில் சூரியன் நேர் மேற்கில் இறங்காது, வடமேற்கில் சாய்ந்து இறங்கும். அதனால் தட்டி வடக்குப் பக்கம் ஓரடி அதிகமாக நீளட்டும்.

உள்ளே நீலம் பற்றி: மாலை வெயிலின் செம்மஞ்சள் பட்டதும் வெளிர் நீலம் அழுக்கேறின மாதிரி மங்கிவிடும். அதே வெயிலில் இளம் பச்சை இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் அந்த அறையில் நீங்கள் அதிகம் இருப்பது இரவில் என்றால், சூரியனைவிட பல்புதான் நிறத்தைத் தீர்மானிக்கும். 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் பச்சை வெளிறிப்போகும். 3000 கெல்வின் விளக்கில் கனிந்து தெரியும். முதலில் பல்பை மாற்றிவிட்டு, பிறகு ஷேடு கார்டைத் திறங்கள்.

கேள்வி: வாடகைக்கு வந்திருக்கும் பழைய வீட்டில் ஜன்னல் கம்பியிலும் கதவிலும் பல அடுக்கு எனாமல், உரிந்து செதில் செதிலாக நிற்கிறது. ஒன்றரை வயது மகன் கம்பியில் வாய் வைக்கிறான். மேலே அழகான நிறமாக ஒரு கோட் அடித்துவிடலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: நிறத்தைப் பற்றி இப்போதைக்கு நினைக்க வேண்டாம். முதல் வேலை, இன்றே அவனை அந்தக் கம்பியிடமிருந்து தள்ளிவைப்பது. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில், முக்கியமாக மஞ்சள், பச்சை, சிவப்பில், ஈயம் இருந்திருக்கலாம். குழந்தையின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

உரிந்து நிற்பதன்மேல் அடித்தால் புதுப் பெயின்டும் சேர்ந்து உரியும். சுரண்டித்தான் ஆக வேண்டும், ஆனால் உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. ஈயம் இருந்தால் அந்தத் தூள்தான் மிகப் பெரிய ஆபத்து. தண்ணீர் தெளித்து, ஈரத்தோடு உப்புத்தாள் போடச் சொல்லுங்கள். தீ வைத்து உருக்கி எடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். வேலை முடியும்வரை நீங்களும் மகனும் அம்மா வீட்டில் இருங்கள். முடிந்ததும் பெருக்கக் கூடாது, தூள் பறக்கும். ஈரத் துணியால் இரண்டு முறை துடைத்து எடுக்க வேண்டும். அவனுடைய குழந்தை மருத்துவரிடம் சொல்லி, ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்த்துவிடுவதும் நல்லது. புதிதாக வாங்கும் டப்பாவில் ஈயம் சேர்க்காதது என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். அதன்பிறகு எந்த நிறம் வேண்டுமானாலும் அடியுங்கள், வீட்டுக்காரர் சம்மதித்தால்.

கேள்வி: ஹாலில் ஒரு சுவருக்கு மட்டும் அடர் நீலம் அடிக்க ஆசை. எந்தச் சுவர்?
– வாசகர், கோவை

பதில்: ஜன்னல் இருக்கும் சுவர் மட்டும் வேண்டாம். வெளிச்சமான ஜன்னலைச் சுற்றி அடர் நிறம் வந்தால் கண் கூசும். வாசலில் நுழைந்ததும் நேரே தெரிகிற, கதவும் ஜன்னலும் இல்லாத சுவர்தான் சரி. அடர் நிறம் பட்டி பார்த்ததில் உள்ள ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். பட்டி வேலைக்குக் கூடுதலாக ஒருநாள் விடுங்கள்.

கேள்வி: சுவரின் அடியில் இரண்டடி உயரத்துக்கு உப்புப் பூத்துப் பெயின்ட் உதிர்கிறது. எந்த நிறம் அடித்தால் வெளியே தெரியாது?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: அப்படி ஒரு நிறம் கிடையாது. சுவருக்குள் ஈரம் ஏறுகிறது, கூடவே உப்பையும் இழுத்து வருகிறது. ஈரம் காய்ந்ததும் உப்பு பூத்து பெயின்டைத் தள்ளிவிடுகிறது. சுவரில் ஓரடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால் சுவரில்தான் ஓதம். முதலில் குளியலறைக் குழாய்க் கசிவு இருக்கிறதா, வெளியே மண் மட்டம் தரையைவிட உயர்ந்துவிட்டதா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். இரண்டும் இல்லையென்றால் அடித்தளத்திலிருந்து ஏறும் ஈரம், அதற்குப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். பிறகு அந்த இரண்டடிக்குப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். புதுப் பூச்சு குறைந்தது 28 நாள் இருக்கட்டும், அதற்கு முன் பட்டியோ பிரைமரோ வைக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காமல் பங்குனிக்குத் தள்ளிப்போடுங்கள்.