மூன்று விலைப்புள்ளிகள், ஒரே கையெழுத்து

ஒன்பதாம் வகுப்பில் உள்ளாட்சி அமைப்புகள் பாடம். தெருவிளக்கு, குடிநீர், வடிகால் என ஊராட்சியின் பணிகளைக் கரும்பலகையில் எழுதி முடித்தேன். ஒரு மாணவி எழுந்து, “விளக்கை ஊராட்சி யாருகிட்ட வாங்கும் டீச்சர்? தலைவருக்குத் தெரிஞ்ச கடையிலயா?” என்று கேட்டாள். விதியை ஒப்பிப்பதைவிட வகுப்பையே ஊராட்சியாக்கிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

ஒரு குழு ஊராட்சி. மூன்று குழுக்கள் கடைக்காரர்கள். ஊராட்சிக் குழு “20 எல்இடி தெருவிளக்குகள் தேவை” என்று மட்டும் எழுதியது. முதல் கடை ஒரு விளக்கு 900 ரூபாய் என்றது. அதைக் கேட்ட இரண்டாவது கடை, “எங்களுது 890” என்றது. மூன்றாவது கடை 400 ரூபாய். எல்லோரும் 400க்கே கை தூக்கினர். விசாரித்தால் அது வீட்டில் மாட்டும் 9 வாட் பல்பு!

இரண்டு குறைகளையும் மாணவர்களே கண்டுபிடித்தார்கள். வாட் அளவு, உத்தரவாதக் காலம், வழங்க வேண்டிய நாள் ஆகியவற்றை முதலிலேயே எழுத வேண்டும். விலையை மூடிய உறையில் வாங்கி, எல்லோர் முன்னிலையிலும் பிரிக்க வேண்டும். இதைத்தான் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 வலியுறுத்துகிறது என்று சொன்னேன். உள்ளாட்சி அமைப்புகளும் அதற்குக் கட்டுப்பட்டவை. ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் முன்பே குறிப்பிட்ட அளவுகோல்படிதான் மதிப்பிட வேண்டும். உறையைப் பிரித்த பின் அளவுகோலை மாற்றக் கூடாது. சிறிய தொகைக்கான கொள்முதல்களில் ஒப்பந்தப்புள்ளிக்குப் பதில் பல கடைகளில் விலைப்புள்ளி பெற்று ஒப்பிடுவது வழக்கம்.

“மூணு கடைக்காரரும் முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டா?” என்றான் ஒரு மாணவன். “அப்போது உறை மூன்று, விலை ஒன்று” என்றேன்.

மறுநாள் உண்மையான ஆவணங்களைக் காட்டலாம் என்று, நம் பள்ளி மேலாண்மைக் குழு மின்விசிறிகள் வாங்கிய கோப்பை எடுத்துச் சென்றேன். கடைப் பெயர்களை மறைத்துவிட்டு, மூன்று விலைப்புள்ளிகள், ஒப்பீட்டுப் பட்டியல், வழங்கல் ஆணை, இருப்புப் பதிவேட்டுப் பக்கம் என வரிசையாகக் காட்டினேன். எல்லாம் தணிக்கையில் ஏற்கப்பட்டவை. முதல் வரிசை மாணவி தாள்களை அருகருகே வைத்துப் பார்த்தாள். “டீச்சர், மூணும் ஒரே கையெழுத்தா இருக்கே?”

அந்தக் கொள்முதலைக் கவனித்தவள் நான்தான். அலைச்சலுக்குப் பயந்து, தெரிந்த கடைக்காரரிடமே “மற்ற இரண்டையும் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்” என்று சொல்லியிருந்தேன். யாரும் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. ஆனால் கொடுத்த விலை சரியானதா என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். “நான் செய்தது தவறு” என்று வகுப்பிலேயே சொன்னேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

மூன்று தாள்கள் கோப்பை நிறைவாக்கும். மூன்று தனித்தனி விலைகள்தான் கொள்முதலை நேர்மையாக்கும். அதை எனக்குக் கற்பித்தது அந்தப் பாடவேளை.

அடுத்த முறை மின்விசிறி வாங்கும்போது தேவையின் விவரத்தை எழுதி மூன்று கடைகளுக்கும் நானே நேரில் சென்றேன். மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் முன்னிலையில் உறைகளைப் பிரித்தோம். குறைந்த விலை கொடுத்தது பழைய கடையேதான். ஆனால் ஒரு மின்விசிறிக்கு முன்பைவிட 210 ரூபாய் குறைவு.

இந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் இரண்டு பாடவேளைகளில் இச்செயல்பாட்டைச் செய்து பார்க்கலாம். தொடர்ச்சியாக, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் நடக்கும் கிராம சபைக் கூட்டங்களில் ஒன்றைப் பெற்றோருடன் சென்று பார்க்கச் சொல்லலாம். ஊராட்சியின் வரவு செலவு அங்கே வாசிக்கப்படும்போது, “எத்தனை பேர் விலை கொடுத்தார்கள்?” என்று கேட்க நம் மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்குமுன் நம் பள்ளிக் கோப்பை நாம் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுவது நல்லது.