வாட்டை விடு, ஓம்மைப் பாரு

தம்பி, ஆம்ப்ல கிடார் சத்தம் தகர டப்பாக்குள்ள இருந்து கத்தற மாதிரி இருக்கு, ஸ்பீக்கரை மாத்திடவா அக்கான்னு கேட்டிருந்தே. தாராளமா மாத்து. சின்ன காம்போ ஆம்ப்ல நாமளே கை வைக்கக்கூடிய வேலைகள்ல, சத்தத்தை இவ்வளவு மாத்தற வேலை வேற இல்லை. ஆனா பர்ஸைத் திறக்கறதுக்கு முன்னாடி, நிஜமாவே ஸ்பீக்கர்தான் குத்தவாளியான்னு பாத்துடு.

என்கிட்ட இருக்கறது 5 வாட் வால்வு ஆம்ப், 8 இன்ச் ஸ்பீக்கர். ஒருநாள் தடிச்ச ஈ கம்பியைத் தட்டினா கூடவே 'ஜ்ர்ர்'னு ஒரு உதறல். கோன் கிழிஞ்சு போச்சுன்னு நானே முடிவு பண்ணி, புது ஸ்பீக்கருக்கு விலையெல்லாம் விசாரிச்சுட்டேன். அம்மா காபி டம்ளரை ஆம்ப் மேல வெச்சு, முன்பக்கம் கையை ஊனிக்கிட்டு ஏதோ சொல்ல வந்தாங்க. உதறல் நின்னுடுச்சு. பேர்த் தகடோட ஸ்குரூ லூஸ், அவ்வளவுதான்! அதனால நீ அந்த ஈ கம்பியை (82 ஹெர்ட்ஸ்) விடாம வாசி, வேற யாரையாவது பின்பலகை, கைப்பிடி, ஸ்பீக்கர் நட்டுன்னு ஒவ்வொண்ணா அழுத்திப் பாக்கச் சொல்லு. வால்வு பக்கம் மட்டும் கை போகக்கூடாது, சுட்டுடும்.

சரி, ஸ்பீக்கர்தான் பிரச்சினைன்னு தெரிஞ்சுபோச்சு. கடையில எல்லாரும் முதல்ல கேக்கறது "எத்தனை வாட்?" நீ முதல்ல கேக்க வேண்டியது ஓம். ஆம்ப் பின்னாடியோ, பழைய ஸ்பீக்கரோட காந்தத்து மேலயோ 4, 8, 16னு ஏதாவது போட்டிருக்கும். எழுத்து அழிஞ்சிருந்தா, ஒயரைக் கழட்டிட்டு மல்டிமீட்டர் வெச்சுப் பாரு. 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டர்ல 6, 7னுதான் காட்டும். 4 ஓம்னா 3 சொச்சம். 6.4 காட்டுதே, அப்ப இது 6 ஓம்மான்னு குழம்பாதே. வால்வு ஆம்ப்னா எந்த ஓம் இருந்ததோ அதையே போடு, ஏன்னா உள்ள இருக்கற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அந்தக் கணக்குக்குத்தான் சுத்தியிருக்கு. டிரான்சிஸ்டர் ஆம்ப்ல 4 இருந்த இடத்துல 8 போட்டா சத்தம் கொஞ்சம் குறையும், வேற ஆபத்து இல்லை. தலைகீழா 8 இருந்த இடத்துல 4 போட்டே, ஆம்ப் சூடாகிச் செத்தே போகலாம்.

வாட்ங்கறது ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும்ங்கறது. எவ்வளவு கத்தும்ங்கறது வேற. ஆம்ப்போட வாட்டை விடக் கூடுதலா இருந்தாப் போதும். வால்வு ஆம்ப்பை முழுசாத் திருகி வாசிக்கறவன்னா ரெண்டு மடங்கு வெச்சுக்கோ. சத்தத்தைத் தீர்மானிக்கறது சென்சிட்டிவிட்டிங்கற டெசிபல் கணக்கு. செலஸ்டியன் கம்பெனியோட 12 இன்ச் ஸ்பீக்கர் ரெண்டை எடுத்துக்கோ. கிரீன்பேக் 25 வாட் தாங்கும், 98 டெசிபல். ப்ளூ வெறும் 15 வாட்தான் தாங்கும், ஆனா 100 டெசிபல். வாட் கம்மியா இருக்கறதுதான் அதிகமாக் கத்துது, பாத்தியா? 3 டெசிபல் கூடினா ஆம்ப்போட பவரையே ரெண்டு மடங்காக்கின மாதிரி. பேண்டுல டிரம்ஸோட போட்டி போடணும்னா இது வரம். அபார்ட்மென்ட்ல ராத்திரி பத்து மணிக்கு வாசிக்கறவனுக்கு டெசிபல் குறைஞ்சதுதான் நல்லது, கீழ்வீட்டு மாமி சாபம் மிச்சம்.

சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போய் வெறுமனே "8 இன்ச் ஸ்பீக்கர்"னு கேட்டா, கார் வூஃபர்தான் கைக்கு வரும். விலை குறைச்சல்னு வாங்கிடாதே. கிடார் ஸ்பீக்கர் சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல தானா அடங்கிடும், அந்த அடக்கம்தான் நமக்கு வேணும். அது இல்லாத ஸ்பீக்கர்ல டிஸ்டார்ஷன் போட்டா காதுக்குள்ள வண்டு புகுந்த மாதிரி இருக்கும். வூஃபர்ல போட்டா நேர்மாறு, போர்வைக்குள்ள இருந்து பேசற மாதிரி.

இன்னொண்ணு, 8 இன்ச்னு போட்டிருக்கறதெல்லாம் ஒரே அளவு இல்லை. போல்ட் ஓட்டைங்க எங்க இருக்கு, காந்தம் பின்பக்கம் எவ்வளவு நீட்டிக்கிட்டு இருக்கும், வால்வுலயோ டிரான்ஸ்ஃபார்மர்லயோ இடிக்குமான்னு அளந்துக்கோ. 10 வாட் பழகற ஆம்ப்புக்கு, ஆம்ப் விலையில பாதிக்கு மேல ஸ்பீக்கருக்கே ஆகுதுன்னா, என்னைக் கேட்டா வேண்டாம். அந்தக் காசைச் சேத்து வை.

இனி வேலை. பிளக்கைப் பிடுங்கிட்டு நல்லா ஆற விடு. வால்வு ஆம்ப்ல கரெண்டை நிறுத்தின பிறகும் கப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல தேங்கியிருக்கலாம். ஸ்பீக்கர் மாத்த ஆம்ப்போட இரும்புப் பெட்டியைத் திறக்கவே தேவையில்லை, அதனால திறக்காதே. எந்த ஒயர் எந்த முனையிலன்னு போன்ல ஒரு படம் எடுத்துக்கோ. போர்வையை மடிச்சுப் போட்டு ஆம்ப்பை முகங்குப்புறப் படுக்க வை. நிக்க வெச்சுக் கழட்டினா கடைசி நட்டு வந்ததும் ஸ்பீக்கர் மொத்தமா விழும். ஒயரைப் பிடிச்சு இழுக்காம, கிளிப்பைக் குறட்டால பிடிச்சு ஆட்டி ஆட்டி எடு.

இப்ப என் கதை. முதல் தடவை மாத்தினப்போ, கடைசி நட்டுக்கு நீள ஸ்குரூடிரைவரைக் குறுக்க நீட்டினேன். காந்தம் அதை வெடுக்குனு இழுத்துச்சு, நுனி வழுக்கி நேரா புது கோன்ல. சுண்டு விரல் நகம் அளவுக்குக் கிழிசல். 1964ல கிங்க்ஸ் குழுவோட டேவ் டேவிஸ் வேணும்னே பிளேடால கோனைக் கிழிச்சு, அந்தக் கரகரப்பை வெச்சு ஒரு ஹிட் பாட்டே குடுத்தார். எனக்குக் கிடைச்சது அப்பாகிட்ட திட்டு. டிஷ்யூ பேப்பர்ல ஃபெவிகால் தடவி ஒட்டினேன், இன்னைக்கும் ஓடுது. நீ அந்தக் கஷ்டமே படாம கோன் மேல ஒரு அட்டையை வெச்சு மூடிட்டு வேலை பாரு. ஒயரை ஈயம் வெச்சு ஒட்டறதா இருந்தாலும் அட்டை இருக்கட்டும், ஒரு சொட்டு விழுந்தா ஓட்டைதான். மேசையில இரும்புத்தூள் ஒரு துணுக்கு கூட இருக்கக்கூடாது.

நட்டையெல்லாம் முதல்ல கையால திருகு. அப்புறம் எதிரெதிர் மூலையா, அரைச் சுத்து அரைச் சுத்தா இறுக்கு. ஒரே பக்கமா முறுக்கினா ஸ்பீக்கர் சட்டம் வளைஞ்சு, உள்ள காயில் உரச ஆரம்பிச்சுடும். ரெண்டு கட்டை விரலையும் கோன்ல வெச்சு மெதுவா அமுக்கி, காதைக் கிட்ட வெச்சுக் கேளு. சரசரன்னா கொஞ்சம் தளர்த்து. பிளஸ் முனையில சந்தேகமா? 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடு, கோன் முன்னாடி வந்தா பேட்டரியோட பிளஸ் பட்ட முனைதான் பிளஸ். வால்வு ஆம்ப்பை ஸ்பீக்கர் ஒயர் மாட்டாம ஆன் பண்ணிடாதே, டிரான்ஸ்ஃபார்மர் போயிடும். எனக்கு இன்னைக்கும் மூணு தடவை ஒயரைத் தொட்டுப் பாத்தாதான் சுவிட்சுல கை போகும்.

முதல் நாள் சத்தம் விறைப்பா, காதைக் குத்தற மாதிரி இருந்தா மனசு ஒடிஞ்சு போகாதே. பத்து இருபது மணி நேரம் வாசிச்சா கோன் இளகிடும். பாதி நம்ம காதும் பழகிடறதுதான்னு நினைக்கிறேன். பழைய ஸ்பீக்கரை, புதுசு வந்த அட்டைப் பெட்டியிலயே போட்டு வை, ஆம்ப்பை விக்கும்போது கேப்பாங்க. மிச்ச நட்டையெல்லாம் ஒரு மாத்திரை டப்பாவுல போட்டு, அந்தக் காந்தத்து மேலயே ஒட்டிடு.