விரலுக்குத் தெரியும் ஆட்டம்

அன்புத் தங்கைக்கு,

நீ அனுப்பிய தேக்குப் பலகை வந்து சேர்ந்தது. 'எழில்' என்று செதுக்கிய எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தேன். பிட் மரத்தில் இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் கோடு மெலிந்திருக்கிறது. ஒரு நெல் நீளம் போன பிறகுதான் தடிக்கிறது. 'ழ'வின் சுழியில் இது அப்பட்டமாகத் தெரிகிறது. "இசட் ஆக்சிஸில் ப்ளே இருக்குண்ணா, எந்த நட் வாங்கட்டும்?" என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு எதையும் வாங்காதே. இதே கேள்வியோடு நம் ஊரில் இன்னும் பல பிள்ளைகள் மாடி அறைகளில் சின்ன சிஎன்சி வைத்துக்கொண்டு தவிக்கிறார்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் நோய் எது என்று பார். மோட்டார் ஸ்டெப் தவறினால் பிழை வேலை போகப் போகக் கூடிக்கொண்டே வரும். ஒரு மில்லிமீட்டருக்கு இத்தனை ஸ்டெப் என்ற கணக்கு தப்பாக இருந்தால், தூரத்துக்கு ஏற்பப் பிழை வளரும். இயந்திரத்தின் உடல் வளைந்தால், மரத்தில் அழுத்தும்போது மட்டும் பிழை தெரியும். அழுத்தத்தைக் கூட்டினால் பிழையும் கூடும். ப்ளே, அதாவது பாகங்களுக்கு இடையிலான ஆட்டம், அப்படியல்ல. ஓரளவு வரை சும்மா நகர்ந்து, 'டக்'கென்று நிற்கும். அதற்கு மேல் அழுத்தினாலும் போகாது. உன் பலகையில் முதல் எழுத்திலும் கடைசி எழுத்திலும் மெலிவு ஒரே அளவு. ஆகவே உன் சந்தேகம் சரி. ஆனால் ப்ளே நட்டில்தான் இருக்கிறது என்று யார் சொன்னார்கள்?

இசட் ஆக்சிஸுக்கு ஒரு தந்திரம் உண்டு. தன் நோயைத் தன் எடையாலேயே மறைத்துக்கொள்ளும். ஸ்பிண்டிலின் எடை நட்டை எப்போதும் ஸ்க்ரூவின் மரையில் கீழ்நோக்கி அழுத்தியே வைத்திருப்பதால், வெறுமனே மேலும் கீழும் ஓட்டி அளந்தால் டயல் கேஜ் பெரும்பாலும் எல்லாம் சரி என்றே காட்டும். பிட் மரத்தில் குத்தும்போது மரம் அதை மேலே தள்ளுகிறது; இடைவெளி இருக்கும் அளவுக்கு ஸ்பிண்டில் தூக்கிக்கொள்கிறது. பக்கவாட்டில் நகர ஆரம்பித்ததும் எதிர்ப்பு குறைந்து, ஸ்பிண்டில் மெல்ல உட்கார்ந்துவிடுகிறது. உன் எழுத்தின் மெலிவும் தடிப்பும் இதுதான்.

ஆகவே இப்படிச் செய். கன்ட்ரோலரில் $1=255 என்று வை; மோட்டார் பிடியை விடாமல் நிற்கும். மேஜை அலுமினியம், மேக்னட் ஸ்டாண்ட் ஒட்டாது; ஒரு இரும்புத் தகட்டை போல்ட் போட்டு இறுக்கி அதன்மேல் ஸ்டாண்டை நிறுத்து. டயல் கேஜின் முனையை ஸ்பிண்டிலின் அடியில் தொடவிட்டு முள்ளைப் பூஜ்யத்தில் வை. ஸ்பிண்டிலைக் கையால் மேலே தூக்கி, விடு. முள் எவ்வளவு போய் வருகிறதோ அதுதான் உன் ப்ளே. 0.2 மில்லிமீட்டர் சின்ன அளவாகத் தோன்றும். 90 டிகிரி வி-பிட்டில் ஆழம் 0.2 குறைந்தால் கோட்டின் அகலம் 0.4 குறையும். 'ழ' போன்ற எழுத்து அதைத் தாங்காது.

அடுத்து அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் வழி. இதை எனக்குச் சொல்லித் தந்தவர், 1898-ல் தொடங்கப்பட்டு, ஊரே ரோடியர் மில் என்று அழைத்த ஏஎஃப்டி ஆலையில் ஃபிட்டராக இருந்த ஒரு பெரியவர். இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் ஆள்காட்டி விரலை வை. பாதி இதன்மேல், பாதி அதன்மேல். மறுகையால் தூக்கி விடு. கண்ணுக்கே தெரியாத அசைவு விரல் நுனியில் தெரியும். மேலிருந்து கீழே வா: மோட்டார் தண்டும் கப்ளிங்கும், கப்ளிங்கும் ஸ்க்ரூவும், ஸ்க்ரூவும் மேல் பேரிங்கும், ஸ்க்ரூவும் நட்டும், நட்டும் அதைப் பிடித்திருக்கும் பிளாக்கும், ராடும் பேரிங்கும், கடைசியாக ஸ்பிண்டிலும் அதன் கிளாம்பும். எந்த இணைப்பில் விரல் துடிக்கிறதோ, அங்கே நிறுத்து.

சின்ன இயந்திரங்களில் அது பெரும்பாலும் மேலேயே பிடிபடும். ஸ்க்ரூ முழுக்கக் கப்ளிங்கில்தான் தொங்குகிறது. வெட்டுப்போட்ட அலுமினியக் கப்ளிங் ஸ்பிரிங் போல நீளும், சுருங்கும். கிரப் ஸ்க்ரூ உருண்டைத் தண்டில் வழுக்கும். மோட்டாரின் தண்டே உள்ளே கொஞ்சம் மேலும் கீழும் போகும். இந்த நிலையில் எத்தனை புது நட் போட்டாலும் பணம்தான் வீண். தண்டில் ஒரு சின்ன இடத்தை அரத்தால் தட்டையாக ராவி, கிரப் ஸ்க்ரூவை அதில் உட்காரவை. ஸ்க்ரூ தன் நீளவாக்கில் நகராதபடி மேல் பேரிங்கின் இரு பக்கமும் காலர் போட்டுப் பிடி. முடிந்தால் த்ரஸ்ட் பேரிங் வை. ஸ்க்ரூவைத் தாங்குவது பேரிங்கின் வேலை. கப்ளிங்கின் வேலை சுற்றுவது மட்டும்.

விரல் நட்டில்தான் துடித்தால் அப்போது ஸ்பிரிங் நட் வாங்கு. அந்த ஸ்பிரிங்கின் பலத்துக்கு மேல் குத்தினால் அதுவும் விட்டுக்கொடுக்கும் என்பதை மறக்காதே. பிட்டைக் கூராக வைத்து, இறங்கும் வேகத்தைக் குறை.

சாஃப்ட்வேரில் 0.2-ஐக் கூட்டிச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. இசட்டில் இடைவெளி எந்தப் பக்கம் போகும் என்பதை உன் கட்டளை முடிவு செய்வதில்லை. எடையும் மரத்தின் எதிர்ப்பும் முடிவு செய்கின்றன. மரம் எவ்வளவு எதிர்க்கும் என்று எந்தக் கணக்குக்குத் தெரியும்?

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் ப்ளே போகட்டும் என்று நட்டை நெரித்து இறுக்கினேன். ஆட்டம் நின்றது. ஆனால் மேலே ஏறும்போது மோட்டார் ஸ்டெப் தவற ஆரம்பித்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாழ்ந்து, கடைசியில் பிட் பலகையைத் துளைத்து மேஜையில் இறங்கியது. ஒரே நேரத்தில் மூன்று இடத்தை முறுக்கியிருந்ததால் எது கெடுத்தது என்றும் தெரியவில்லை. அன்றிலிருந்து ஒரு பழக்கம்: ஒன்றை மட்டும் மாற்று, அள, நோட்டில் எழுது, பிறகு அடுத்தது.

உன் அறை முத்தியால்பேட்டையில், கடலுக்குப் பக்கம். உப்புக்காற்று ஸ்க்ரூவில் துருவை ஏற்றும். துரு பித்தளை நட்டை அரம்போல ராவும். போன மாதம் இல்லாத இடைவெளி இந்த மாதம் இருக்கும். வாரம் ஒருமுறை மரத்தூளைத் துணியால் துடைத்து, மெல்லிசாக கிரீஸ் தடவு. வேலை முடிந்ததும் மூடிவை.

அந்த 'எழில்' பலகையைத் திருப்பி அனுப்புகிறேன். தூக்கிப் போடாதே. ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்த பிறகு, அதே பிட், அதே ஃபைல், அதே ஆழத்தில் பின்பக்கத்தில் செதுக்கு. நோட்டில் குறித்த அளவுகளோடு என்னிடம் கொண்டு வா. 'ழ'வின் சுழியை இரண்டு பக்கமும் சேர்த்துத் தடவிப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் அண்ணன்
தட்டாஞ்சாவடி, புதுச்சேரி